ஆய்வு உதவியாளர்களுக்குப் பணி உறுதி தேவை

ஆசிரியருக்கு,

புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சை குறித்த தங்கள் தலையங்கம், ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் பெற்ற நோபல் பரிசை நினைவுகூர்ந்தது பொருத்தமே. அத்துறையின் அன்றாடப் பணியைச் சுமக்கும் ஆய்வு உதவியாளர்கள் குறுகிய கால ஒப்பந்தங்களில் அலைக்கழிக்கப்படுவதையும் அது பேசியிருக்க வேண்டும். இச்சிகிச்சைக்கு அடிப்படையான, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் ஆய்வகத்தில் 37 டிகிரி செல்சியஸில் வளர்கின்றன; அவற்றுக்கு விடுமுறை கிடையாது. அவை சோர்ந்திருக்கின்றனவா, பெருகுகின்றனவா என்பதை நுண்ணோக்கியில் பார்த்ததும் கணிக்கும் தேர்ச்சி நீண்ட பழக்கத்தில்தான் வாய்க்கிறது. நான் பணிபுரியும் ஆய்வகத்தில் அப்படித் தேர்ந்த ஒருவர் ஒப்பந்தம் முடிந்து வெளியேறியபோது, புதியவருக்குக் கைபழகும்வரை சோதனைகள் தேங்கின. காத்திருக்கும் நோயாளிக்கு இத்தகைய தாமதம் சிறியதல்ல.

ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள், திட்டக் காலம் முழுமைக்கும் உதவியாளர் பணியிடத்தை உறுதிசெய்வதை நிபந்தனையாக்க வேண்டும்.

– ஆய்வு உதவியாளர் ஒருவர்