பிரவுசரின் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளம் உருவாக்கும் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளை ஒரு தளம், 'குரோம் 110 அல்லது அதற்கு மேல் தேவை' என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. என் கடையில் இருப்பவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றில் குரோம் 109க்கு மேல் ஏறாது. ஃபயர்ஃபாக்ஸ் 115 ஓடும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்காகவே அதை உருவாக்கும் மொசில்லா அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தந்தது. அதையும் அந்தத் தளம் ஏற்பதில்லை.

பிரவுசர் தன் பெயரையும் பதிப்பையும் தளத்துக்குச் சொல்லும் வரிக்கு யூசர் ஏஜென்ட் என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸில் அந்த வரியை மட்டும் குரோம் 110 என்று மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன். அதே கணினியில் விண்ணப்பம் கடைசிப் பக்கம் வரை தடையின்றிப் போனது. ஆக, பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகிறதா என்று அங்கே யாரும் சோதிக்கவே இல்லை. பெயரை மட்டும் படித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

அந்த வரியை நம்பவே கூடாது. குரோம் அதில் தன்னை மொசில்லா என்கிறது, சஃபாரி என்றும் சேர்த்துக்கொள்கிறது. 2009இல் ஓபரா என்ற பிரவுசரின் 10ஆம் பதிப்பு வந்தபோது முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று எடுத்துக்கொண்டன. ஓபரா அந்த இடத்தில் 9.80 என்று எழுதித் தப்பிக்க வேண்டியிருந்தது. 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பதிப்பு 100ஐத் தொடும் முன்பும் இதே பயம்தான்.

புரோகிராமர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் 2020 தரத்தில் வந்த கேள்விக்குறி-புள்ளி (?.) போன்ற புது இலக்கணம் ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும் போதும், பழைய பிரவுசர் அந்தக் கோப்பை முழுதாகத் தள்ளிவிடும். பக்கம் வெறுமையாக நிற்கும். அதற்கு வழி இருக்கிறது. அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை 'மாட்யூல்' என்ற புது வகையாகக் கொடுத்தால், அது தெரியாத பழைய பிரவுசர்கள் தொடாமல் கடந்துவிடும். அவற்றுக்கு 'நோமாட்யூல்' என்று குறித்து எளிய கோப்பைத் தரலாம். மாட்யூலுக்குப் பிறகு வந்த வசதி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், அது இருக்கிறதா என்று அதையே இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சில வரிகளில் முடிகிற வேலை.

பெயர், மதிப்பெண், வங்கிக் கணக்கு எண், ஒரு புகைப்படம். அந்தப் படிவத்தில் இருப்பது இவ்வளவுதான். இதற்கு 2015 தர ஜாவாஸ்கிரிப்டே தாராளம். கடைசித் தேதி நெருங்குவதற்குள் சம்பந்தப்பட்ட துறை அந்தப் பதிப்புச் சோதனையை எடுத்துவிட வேண்டும். புதுக் கணினி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகி,
தென்காசி மாவட்டம்.