"வால் போட்டோமே" என்று சொன்ன அட்மின்களுக்கு

எங்கள் கணினி மையத்தின் சிஸ்டம் அட்மின்களுக்கு,

வணக்கம். சண்டை போட எழுதவில்லை. கோபம் இருந்தது, ஆறிவிட்டது. ஆனால் விஷயம் அப்படியே இருக்கிறது: சர்வரை நிறுத்தும் முன் நீங்கள் அனுப்பும் எச்சரிக்கை எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நான்கரை மணிக்கு, நாங்கள் பலரும் பகிர்ந்து வேலை செய்யும் பொது சர்வரை மறுதொடக்கம் செய்தீர்கள். நான் அப்போது விடுதி அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே சர்வரின் திரையில் வேலை செய்யும் வசதி) வழியாக அதில்தான் இருந்தேன். காலை பத்து மணிக்கு ஓடவிட்ட சிமுலேஷன் முடியும் தறுவாயில் இருந்தது. திரை கறுத்தது. இணையக் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. ஆறரை மணி நேர வேலை போச்சு. இடையிடையே முடிவுகளைக் கோப்பில் எழுதிவைக்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆய்வறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்த என் தோழிக்கும், அலுவலகத்தில் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கும் அதே கதிதான். மூன்று பேரில் ஒருவருக்கும் முன்கூட்டி ஒரு வார்த்தை வரவில்லை.

கேட்டதற்கு, "பத்து நிமிஷம் முன்னாடியே வால் போட்டோமே" என்றீர்கள். பொய் இல்லை. கட்டளை போட்ட நேரத்தை லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) காட்டவும் செய்தீர்கள்.

சிக்கலே அந்தக் கட்டளையில்தான். வால் என்றால் 'ரைட் டு ஆல்'; எல்லாருக்கும் எழுது. (தமிழில் எழுதினால் வேறு வால் ஆகிவிடுகிறது, போகட்டும்.) ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் பத்து இருபது பேர் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரை) வழியாக உட்கார்ந்திருந்த காலத்தில் பிறந்த கட்டளை அது. யார் யார் எந்த டெர்மினலில் இருக்கிறார்கள் என்ற பதிவேட்டைப் பார்த்து, அந்தந்த டெர்மினலில் செய்தியை எழுதிவிட்டுப் போகும். அன்றைக்கு எல்லாருடைய கண்ணும் டெர்மினலில்தான் இருந்தது. இன்று நாங்கள் பார்ப்பது டெஸ்க்டாப்பை: பிரவுசர், லிப்ரே ஆபீஸ், ஆர் ஸ்டுடியோ. வால் எழுதும் வரி, இந்த வரைகலைத் திரைக்குப் பின்னால் யாரும் பார்க்காத ஓர் எழுத்துத் திரையில் போய் விழுகிறது. டெர்மினல் சன்னல் திறந்து வைத்திருந்தாலும் உத்தரவாதம் இல்லை. க்னோம் (நம் சர்வரின் டெஸ்க்டாப்) தரும் டெர்மினல் போன்றவை அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதுவதையே நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஷட்டவுன் கட்டளையோடு நீங்கள் சேர்த்து அனுப்பும் செய்தியும் இதே வழியில்தான் போகிறது. ஆக, அன்று மாலை உங்கள் செய்தி நாற்பது பேருக்குப் போனது. ஒருவருக்கும் வந்து சேரவில்லை.

டெஸ்க்டாப்பின் மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்புக்கு வேறு வழி: நோட்டிஃபை-சென்ட் என்ற கட்டளை. இதையும் ஒரு தடவை முயன்று பார்த்ததாகவும், "ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில்) ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை" என்றும் உங்களில் ஒருவர் சொன்னார். வராதுதான். டெஸ்க்டாப் அறிவிப்புகள் டி-பஸ், அதாவது நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் தடம், வழியாகப் போகின்றன. உள்ளே நுழைந்திருக்கும் ஒவ்வொரு பயனருக்கும் செஷன் பஸ் என்ற தனித் தடம் உண்டு. ரன் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) யூசர், அதற்குள் அவருடைய யூஐடி (பயனர்) எண்ணில் ஓர் அடைவு, அதற்குள் பஸ் என்ற சாக்கெட், அதாவது செய்தி நுழையும் வாசல். வீட்டுக்கு வீடு தனி காலிங் பெல் மாதிரி. ரூட் என்றாலும் அந்தந்தப் பயனரின் பெயரில் போய்த்தான் அழுத்த வேண்டும். லாகின்சிடிஎல் கட்டளையால் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, சூடோ (இன்னொரு பயனராகக் கட்டளை ஓட்டும் வழி) மூலம் ஒவ்வொருவராக மாறி, அவருடைய பஸ் முகவரியைக் கொடுத்து நோட்டிஃபை-சென்ட் ஓட்டினால் போதும். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. நீங்கள் எழுதும் மற்ற ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு இது அரை மணி நேர வேலை. மாணவர் லேபில் எபோப்டெஸ் (லேப் கணினிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறீர்கள். அதில் எல்லாத் திரைக்கும் செய்தி அனுப்பும் வசதி கையோடு இருக்கிறது. பொது சர்வரில் இருக்கும் எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

விண்டோஸ் லேபுக்கும் இதே பாடம் பொருந்தும்: பழைய வழியை நம்பி இருக்க முடியாது. நெட் சென்ட் என்று ஒரு கட்டளை இருந்தது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பெட்டிச் செய்தி அனுப்பலாம் என்று திறந்து கிடந்ததால் இணையத்திலிருந்து விளம்பரக்காரர்கள் அதற்குள் புகுந்தார்கள். 2003ல் அந்தச் சேவையில் பாதுகாப்பு ஓட்டை வேறு வெளிப்பட்டது. 2004ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் அதை அணைத்துவைத்தது, விஸ்டாவில் தூக்கியே விட்டார்கள்.

நம் பொது சர்வரில் ஓடும் லினக்ஸ் பக்கமும் ரொம்பச் சுத்தம் இல்லை. 2024 மார்ச்சில் வால் கட்டளையிலேயே 'வால் எஸ்கேப்' என்ற ஓட்டை வெளியே வந்தது. 2013லிருந்து உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு சாதாரணப் பயனர் அடுத்தவர் டெர்மினலில் போலியாகக் கடவுச்சொல் கேட்கும் வரியைக் காட்டிவிட அது இடம் கொடுத்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04ல் இது செல்லுபடியானது, நம் சர்வரும் அதே பதிப்புதான். அப்டேட் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதற்கும், எந்த அறிவிப்பும் கடவுச்சொல் கேட்காது, சொடுக்கச் சொல்லும் இணைப்பும் அதில் வராது என்று ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லிவைத்துவிடுங்கள்.

சரி, வழி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த பயம் எனக்கு, அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிடுவீர்களோ என்பதுதான். லேபில் எபோப்டெஸ் வந்த முதல் வாரம் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். பிரிண்டரில் டோனர் இல்லை, யாரோ பென்டிரைவை விட்டுவிட்டுப் போனார்கள், வருகைப் படிவம் கொடுங்கள், பிரிவுபசார விழாவுக்கு வாருங்கள். பத்தாவது செய்தியிலிருந்து பசங்கள் படிக்காமலே மூடினார்கள். நோட்டிஃபை-சென்டில் லோ, நார்மல், கிரிட்டிகல் என்று மூன்று நிலை இருக்கிறது. கிரிட்டிகல் என்று அனுப்பினால் தானாக மறையாது. க்னோமில் 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும் திரையில் வந்து நிற்கும். அதைச் சர்வர் நிற்கப்போகும் போது மட்டும் எடுங்கள். டோனருக்கு அறிவிப்புப் பலகை போதும்.

செய்தியை எப்படி எழுதுவது என்று எங்கேயும் தேட வேண்டாம், மின்வாரியத்தின் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். பராமரிப்புப் பணி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தெந்தத் தெரு. அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் மாவரைப்பதும் தண்ணீர் ஏற்றுவதும் வீட்டில் முடிவாகிறது. நீங்கள் அனுப்பியதோ 'சிஸ்டம் வில் பி டவுன் ஷார்ட்லி'. ஷார்ட்லி என்றால் எப்போது? இப்படி இருந்தால் எங்களுக்குப் போதும்:

"4.30க்கு சர்வர் மறுதொடக்கம். இப்போதே சேமித்துவிட்டு வெளியேறுங்கள். ஓடும் வேலைகள் நின்றுவிடும். 4.25க்குப் பிறகு புதிதாக உள்ளே வர முடியாது. 5.00க்குத் திரும்பும். நிறுத்த முடியாத வேலை இருந்தால் உடனே மையத்துக்கு ஃபோன் செய்யுங்கள்."

நேரம் முதலில் வரட்டும், பாப்-அப்பில் முதல் வரிக்கு மேல் யார் கண்ணிலும் படாது. அந்த 4.25ஐ நானாகச் சேர்க்கவில்லை; நேரம் குறித்து ஷட்டவுன் கொடுத்தால் ஐந்து நிமிடம் முன்பே சிஸ்டம் புது லாகினை மறுத்துவிடுகிறது. காரணம் தெரியாமல் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் எங்களில் உண்டு. ஒரு மணி நேரம் முன்பு ஒன்று, பதினைந்து நிமிடம் முன்பு ஒன்று, இரண்டு போதும். தமிழிலேயே அனுப்புங்கள். பழைய வால் தமிழ் எழுத்தைப் பின்சாய்வுக்கோடும் எண்ணுமாகத் துப்பும். டெஸ்க்டாப் அறிவிப்பில் அந்தப் பிரச்சினை கிடையாது. அலுவலக அக்காவுக்கு அது எவ்வளவு உதவி என்று கேட்டுப் பாருங்கள்.

தள்ளிப்போட்டால் அதையும் அதே வழியில் சொல்லுங்கள். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறுதலாக எல்லா அலைபேசிகளுக்கும் எச்சரிக்கை போனது. தவறு என்ற செய்தி அதே அலைபேசிகளுக்கு வர 38 நிமிடம் பிடித்தது. நம் சர்வர் ஏவுகணை இல்லைதான். ஆனால் பொங்கலுக்கு முந்தின வாரம் நீங்கள் ரத்து செய்த பராமரிப்புக்காக, வேலையை மூடிவிட்டு நாங்கள் ஒரு மதியம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஸ்கிரிப்டைச் சோதிக்க ஆள் வேண்டுமானால் நானும் தோழியும் வருகிறோம். ஒருவர் அறையிலிருந்து, ஒருவர் லேபிலிருந்து. வருகிறதா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடலாம். வரும் சனிக்கிழமைக்குள் முடிந்தால் நல்லது. அன்றைக்கு டிஸ்க் மாற்றப் போகிறீர்களாமே? கேண்டீனில் டீ குடிக்கும்போது காதில் விழுந்தது.

இப்படிக்கு,
பொது சர்வரில் இருக்கும் ஓர் ஆய்வு மாணவி