சம்பந்தன் ஐயாவின் தேர்தல் பதிவைத் தொகுக்கக் கைகொடுத்த உங்களுக்கு

அன்பும் மதிப்பும் உடைய பெரியோர்களே, அக்காமாரே, தம்பி தங்கையரே,

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இராஜவரோதயம் சம்பந்தன் ஐயாவின் பாராளுமன்ற வாழ்வையும் தேர்தல் பதிவையும் ஆண்டு வாரியாகக் காட்டும் எட்டுப் பிறிஸ்டல் மட்டைகளும் வாசிகசாலைச் சுவரில் ஏறிவிட்டன. அவற்றோடு சேர்த்துப் பார்க்க ஒரு 80 பக்கக் கொப்பி மேசைக்காலில் நூலால் கட்டியிருக்கிறது. மட்டையில் உள்ள ஒவ்வொரு இலக்கமும் எந்தக் கடதாசியிலிருந்து வந்தது என்பது அந்தக் கொப்பியில் உண்டு. உதவிய பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். வாசிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

திருகோணமலைக்காரரின் பதிவு வன்னியில் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1977 ஜூலை 21 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் வென்ற பதினெட்டுப் பேரில் சம்பந்தன் ஐயா ஒருவர். வவுனியாவில் த. சிவசிதம்பரம், முல்லைத்தீவில் எக்ஸ். எம். செல்லத்தம்பு, மன்னாரில் பி. எஸ். சூசைதாசன், கிளிநொச்சியில் வீ. ஆனந்தசங்கரி ஆகியோரும் அதே பதினெட்டில் அடங்குவர். இந்தப் பக்கத்து நான்கு தொகுதிகளும் திருகோணமலையும் அன்று ஒரே வரிசையில் நின்றன. அந்த வரிசையில் தொடங்கி 2024 வரை வந்த ஒரு பதிவைப் படித்தால், தொகுதி முறை, விகிதாசார முறை, விருப்பு வாக்கு, வெற்றிட நிரப்பல் என்று எல்லாமே அதற்குள் கிடைக்கும். அதனால்தான் அவரை எடுத்தோம்.

முதல் நன்றி, "47 வருசம் பாராளுமன்றத்தில் இருந்தார்" என்று நாங்கள் எழுதிய முதல் மட்டையைப் பார்த்துவிட்டு, "கூட்டிப் பார்த்தீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. 2024இலிருந்து 1977ஐக் கழித்தால் 47தான் வரும். ஆனால் இடையில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. 1983 நடுப்பகுதியிலிருந்து கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்குப் போகாமல் விட்டார்கள். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் நீட்டப்பட்ட பாராளுமன்றத்தில் மக்கள் தந்த ஆறு வருடத்துக்கு மேல் இருப்பதா என்ற கேள்வி, ஆடிக் கலவரம், பின் ஓகஸ்டில் வந்த, தனிநாடு கோரமாட்டோம் என்ற ஆறாம் திருத்தச் சத்தியப்பிரமாணம் எல்லாம் சேர்ந்த முடிவு அது. அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் சமுகம் தராத உறுப்பினரின் ஆசனம் அரசியலமைப்பின்படி வெறிதாகும். அவருடைய ஆசனமும் 1983 செப்டெம்பரில் அப்படியே போனது. அதன் பிறகு 1997 ஜூலை வரை அவர் உள்ளே இல்லை. 2000 ஒக்டோபர் தேர்தலில் தோற்று, 2001 டிசம்பரில்தான் திரும்பவும் உள்ளே போனார். பாராளுமன்றம் கலைந்து கிடந்த மாதங்களையும் கழித்தால் ஆசனத்தில் இருந்த காலம் ஏறத்தாழ 31 ஆண்டு. அம்மா, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் சுவரில் பதினாறு வருடப் பிழை தொங்கியிருக்கும்.

அந்தத் திருத்தத்தோடு மட்டையின் அமைப்பையே மாற்றினோம். முன்பு வென்ற ஆண்டுகள் மட்டும் இருந்தன. இப்போது நின்ற ஆண்டுகள் எல்லாம் இருக்கின்றன: 1977, 1989, 1994, 2000, 2001, 2004, 2010, 2015, 2020. ஒன்பது பொதுத் தேர்தல், ஆறு வெற்றி, மூன்று தோல்வி. தோல்விகளைச் சிவப்பு மையில் எழுத வேண்டாம், அதே கறுப்பில் அதே அளவில் எழுதுங்கள் என்று சொன்ன தம்பிக்கும் நன்றி. அது சரியான புத்தி. தேர்தல் பதிவு என்றால் தோல்வியும் பதிவுதான்.

மூன்று தோல்வியும் இரண்டு விதம். இதை விளங்கப்படுத்தியவர் பல தேர்தல்களில் வாக்கெண்ணும் நிலையத்தில் கடமை பார்த்த முன்னாள் எழுதுவினைஞர் ஐயா. ஒரு சுளகு நிறையப் புளியங்கொட்டையோடு வந்தார். ஒரு கொட்டைக்கு ஆயிரம் வாக்கு. திருகோணமலைக்கு நான்கு ஆசனம். செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எட்டாத கட்சிகளின் கொட்டைகளை முதலில் ஒதுக்கினார். (முதலில் 12.5 வீதமாக இருந்ததை 1988இல் 15ஆம் திருத்தத்தில் 5 ஆகக் குறைத்தார்கள்.) மிச்சம் 180 கொட்டை: ஒரு குவியலில் 80, அடுத்ததில் 65, மற்றதில் 35. கூடிய குவியலுக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுத்தாயிற்று. மீதி மூன்று ஆசனத்தால் 180ஐப் பிரித்தால் 60. முதற் குவியலில் ஒரு 60 உண்டு, ஓர் ஆசனம், மிச்சம் 20. இரண்டாவதில் ஒரு 60, ஓர் ஆசனம், மிச்சம் 5. மூன்றாவதில் 60 இல்லை, ஆனால் மிச்சம் என்று பார்த்தால் 35 கொட்டையும் அப்படியே இருக்கிறது. கடைசி ஆசனம் கூடிய மிச்சத்துக்கு, அதாவது மூன்றாவது கட்சிக்கு.

பிறகு அதே 180ஐக் கலைத்து 90, 72, 18 என்று குவித்தார். இப்போது மிச்சங்கள் 30, 12, 18. கடைசி ஆசனமும் பெரிய கட்சிக்கே போயிற்று. 5 வீதத்தை இலகுவாகத் தாண்டிய மூன்றாவது கட்சிக்கு ஒன்றும் இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஆசனம் நிச்சயம் என்று நம்பியிருந்த பெரியவர்களும் பார்த்தார்கள். இந்தக் கணக்கில்தான் 1989இலும் 2000இலும் அவர் நின்ற பட்டியலுக்குத் திருகோணமலையில் ஓர் ஆசனமும் கிடைக்காமல் போனது. நாலு ஆசன மாவட்டத்தில் வாக்குச் சிதறினால் இப்படித்தான் ஆகும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம் என்பதால் இங்கே ஐந்தால் பிரிக்க வேண்டும். கடைசி ஆசனத்துக்கு இங்கே கொஞ்சம் இடைவெளி உண்டு. ஐயா, அந்தப் புளியங்கொட்டைகளைப் போத்தலில் போட்டு மூன்றாவது மட்டைக்குக் கீழேயே வைத்திருக்கிறோம்.

1994 தோல்வி வேறு வகை. கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. ஆனால் விருப்பு வாக்கில், அதாவது கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளருக்கு இடும் வாக்கில், அ. தங்கத்துரை முதலாவது, சம்பந்தன் ஐயா இரண்டாவது. 1997 ஜூலை 5ஆம் திகதி தங்கத்துரை அவர்கள் திருகோணமலையில் பாடசாலை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். விகிதாசார முறையில் இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்றவர் வருவார். அப்படி வந்ததே 1997 நுழைவு. அதைத் தேர்தல் வெற்றி என்று எழுதக்கூடாது. எங்கள் இரண்டாவது வரைவில் அந்தப் பிழையும் இருந்தது. 2024 ஜூன் 30இல் 91 வயதில் அவர் காலமானபோதும் அதே விதிதான் நடந்தது. அவருக்கு அடுத்து நின்ற ச. குகதாசன் அந்த ஆசனத்துக்கு வந்தார். ஒரே விதியால் ஒருமுறை உள்ளே வந்தவர், அதே விதியால் இடம் கொடுத்துப் போனார். இதை முதலில் கவனித்துச் சொன்னவர் க.பொ.த. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் தங்கை. அவருடைய கையெழுத்திலேயே அந்த வரி மட்டையில் இருக்கிறது.

இனிப் பழைய பத்திரிகை தந்தவர்கள். இடப்பெயர்வுகளில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழுமே கைவிட்டுப் போன ஊர்களில், தேர்தல் முடிவுப் பக்கங்களைப் பொலித்தீனில் சுற்றி ட்றங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்தவர்கள் நீங்கள். என்ன சொல்லி நன்றி சொல்வது? செட்டிகுளத்துப் பெட்டியில் வந்த ஒரு பக்கம் எட்டாக மடித்திருந்தது. மடிப்பு விழுந்த கோடு நேரே விருப்பு வாக்கு நிரலின் மேலே போகிறது. அந்த இடத்தில் கடதாசி நாராகி, ஓர் இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை.

இங்கே பலர் விடுகிற பிழை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கட்சிகளின் வாக்கில் ஓர் இலக்கம் அழிந்தால் கூட்டிக் கண்டுபிடிக்கலாம். செல்லுபடியான மொத்தத்திலிருந்து மற்றக் கட்சிகளைக் கழித்தால் போதும். விருப்பு வாக்கில் அது முடியாது. ஒரு வாக்காளர் மூன்று பேருக்கு இடலாம், இரண்டு பேருக்கு இடலாம், ஒருவருக்கும் இடாமலும் விடலாம். ஆகவே அந்த நிரலுக்கு நிலையான கூட்டுத்தொகை இல்லை. அதே காரணத்தால் விருப்பு வாக்கை வீதமாக எழுதுவதும், 1977 தொகுதி வாக்கோடு பக்கத்தில் வைத்து ஏறியது இறங்கியது என்பதும் பிழை. அழிந்த இலக்கத்துக்கு வேறு பிரதி தேடுவது ஒன்றே வழி. மன்னாரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து அதே கிழமைப் பத்திரிகையைக் கொண்டுவந்து தந்த அண்ணாவுக்கு நன்றி. மடிப்பு அதில் வேறு இடத்தில் விழுந்திருந்தது.

திகதியைப் பார்க்கச் சொன்னவரும் அவரே. தேர்தலுக்கு மறுநாள் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் அரைகுறை முடிவு, தபால் வாக்கும் சில தொகுதிகளும் மட்டும். விருப்பு வாக்கு அதற்கும் பிந்தித்தான் வரும். மறுநாள் பக்கத்தை இறுதி முடிவு என்று எடுத்தால் எல்லாமே குறைந்து நிற்கும். இப்போது கொப்பியில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் பத்திரிகைத் திகதியும் இருக்கிறது. 2015இல் அவருக்கு 33,834 விருப்பு வாக்கு, 2020இல் 21,422. இரண்டும் இரண்டு இடத்தில் ஒத்துப் பார்த்தவை.

சின்னத்தைச் சரி பார்த்துத் தந்த அச்சக ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. வீடு என்றால் கூட்டமைப்பு என்று மனதில் பதிந்துவிட்டதால் 2001க்கும் வீட்டையே கீறியிருந்தார்கள் பிள்ளைகள். 2001 ஒக்டோபரில் கூட்டமைப்பு உருவானபோது நின்றது உதயசூரியனில். கூட்டணிக்குள் பிணக்கு வந்து, 2004இல்தான் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு மாறினார்கள். அந்தத் தேர்தலில் கூட்டமைப்பு 22 ஆசனம் பெற்றது. வன்னியில் ஆறில் ஐந்து. பதவிகளைப் பற்றியும் இரண்டு திருத்தம் தந்தீர்கள், ஐயா. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தது 2015 செப்டெம்பர் முதல் 2018 டிசம்பர் வரை, பாராளுமன்றக் காலம் முழுக்க அல்ல. தமிழரசுக் கட்சித் தலைமையை 2014இல் மாவை சேனாதிராஜாவிடம் கொடுத்துவிட்டார், கூட்டமைப்பின் தலைமைதான் கடைசிவரை. அமிர்தலிங்கத்துக்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் இருந்த தமிழர் அவரே என்பதால் அந்தத் திகதிகளைப் பிழையாக எழுதுவது பெரிய குறை.

பெயர்க் குழப்பத்தை நீக்கியவர் வவுனியாவில் நூலகப் பணியில் இருந்த அக்கா. திருகோணமலையின் பழைய உறுப்பினர் என். ஆர். இராஜவரோதயம் வேறு ஆள், ஐயாவின் உறவினர். தகப்பன் என்று பலர் எழுதுகிறார்கள். அட்டவணையில் இருவரையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தால் 1950களின் ஹன்சாட் (பாராளுமன்ற உரைப் பதிவு) உரைகளும் இவர் கணக்கில் ஏறிவிடும்.

எட்டாவது மட்டை எங்கள் பக்கத்துக்கு. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி நிலத்தால் வன்னி, வாக்கால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். இதை வரைபடத்தில் இரண்டு நிறக் கோட்டால் காட்டித் தந்தவர் நில அளவை வேலை தெரிந்த தம்பி. அதே மட்டையில் செல்வம் அடைக்கலநாதன் 2000 முதல் 2024 வரை ஏழு பொதுத் தேர்தலிலும் தொடர்ந்து தெரிவான வரிசையையும் போட்டிருக்கிறோம். ஓட்டையில்லாத ஒரு வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மற்ற வரிசையின் ஓட்டைகள் கண்ணில் படும்.

பத்திரிகை தந்தவர்களுக்கு ஒரு அறிவித்தல். உங்கள் பக்கங்கள் படம் எடுத்து முடிந்துவிட்டன. துருப்பிடித்த பின்களைக் கழற்றி, மடிப்பை நீவி, இடையில் வெள்ளைத் தாள் வைத்து, பழுப்பு உறையில் போட்டிருக்கிறோம். பெட்டிக்குத் திரும்பும்போது தயவுசெய்து மடிக்காமல் தட்டையாக வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்ற வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் வைத்தால் கறையான் ஏறுவது தெரியும். வாங்க வரும்போது நாங்கள் தந்த இலக்கத் துண்டைக் கொண்டுவாருங்கள். முள்ளியவளை, மாங்குளம் பக்கத்து வயதானவர்கள் வர வேண்டாம், வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.

மிக்க நன்றியுடன்,
தொகுப்பாளர்கள்
வவுனியா