பிளக் ஏன் சூடாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஹீட்டரைப் போட்டால் பிளக் சூடாகிறதே, ஹீட்டரில் ஏதாவது கோளாறா?" என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஹீட்டரில் இருப்பதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், அது எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஆம்ப்ஸ் என்பது ஓடும் கரண்ட்டின் அளவு. வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட், அதாவது திறன். வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை (கரண்ட் ஓடுவதற்கு இருக்கும் எதிர்ப்பு). 230 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கிறது என்றால், திறன் ஏறத்தாழ 2000 வாட், மின்தடை ஏறத்தாழ 26.4 ஓம். லேபிளில் வோல்ட்டும் வாட்டும் மட்டும் இருந்தால், வாட்டை வோல்ட்டால் வகுங்கள், ஆம்ப்ஸ் வந்துவிடும். ஒயர், பிளக், சாக்கெட் எல்லாவற்றையும் அந்த ஆம்ப்ஸைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 6 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இந்த ஹீட்டரைச் செருகவே கூடாது.

சரி, பிளக்குக்கு வருவோம். சாக்கெட் தளர்ந்து, பிளக் பின்னை அது இறுகப் பிடிக்காத இடத்தில் அரை ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 26 ஓமுக்கு முன்னால் அரை ஓம் எம்மாத்திரம்? தண்ணீர் வழக்கம்போலத்தான் சுடும். ஆனால் ஹீட்டருக்குப் போகும் கரண்ட் முழுவதும் அந்த அரை ஓம் வழியாகத்தான் போகிறது. ஆம்ப்ஸை ஆம்ப்ஸாலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கிப் பாருங்கள்: 35 வாட்டுக்கு மேல் வரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடும். அதைவிட அதிகச் சூடு உங்கள் சுவரில், ஒரு பின் நுனியில் உண்டாகிறது. பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகல் வாடை வருவது இதனால்தான்.

இங்கே ஆம்ப்ஸ் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். கரண்ட் பாதியானால் சூடு கால் பங்காகிவிடும். அதே தளர்ந்த சாக்கெட்டில் போன் சார்ஜர் வருடக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடும். ஹீட்டரைச் செருகிய அன்று கருகும். "இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது" என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அதே ஹீட்டர் 1500 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். தண்ணீர் சுட மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். அதற்காகப் புது ஹீட்டர் வாங்க வேண்டாம்.

ஃபேன், பம்பு போன்ற மோட்டார்களுக்கு இந்த நேர்க்கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு லேபிளில் உள்ள ஆம்ப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதானால் பொருளை சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆம்ப்ஸுக்கு கிளாம்ப் மீட்டர்தான் பாதுகாப்பு. அதுவும் ஒரே ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் சுழியம் காட்டும்.

கடைக்கு வரும்போது லேபிளை போனில் படம் எடுத்து வாருங்கள். கணக்கை உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறோம். சாக்கெட் கருகியிருந்தால் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கருகிய பிளக் புது சாக்கெட்டையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

அன்புடன்,
உங்கள் எலெக்ட்ரிகல் கடையினர்