மரவள்ளிக்குச் சாம்பல் சத்தும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து அளவைக் காட்டும் ‘பாயிண்ட்’ குறைந்து விலை சரிவது பற்றிய தங்கள் செய்தியில், மழையும் ரகமும் மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டிருந்தன. இலையில் உருவாகும் சர்க்கரையைக் கிழங்குக்குக் கொண்டு சேர்ப்பதில் சாம்பல் சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அறுவடையில் கிழங்கோடும் குச்சியோடும் அந்தச் சத்தும் வயலை விட்டுப் போய்விடுகிறது. யூரியா போட்டால் பயிர் உடனே பச்சை காட்டும், சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரம் அப்படிக் காட்டாது. அதனால்தான் அதை விட்டுவிடுகிறோம்.

ஆத்தூர் அருகே என் இரண்டு ஏக்கரில் யூரியா மட்டும் போட்ட ஆண்டில் அடியிலைகளின் ஓரம் கருகியது. கிழங்கு வாங்கும் ஆலையில் 24 பாயிண்ட்தான் போட்டார்கள். மறு ஆண்டு மண் பரிசோதனைப்படி நடவின்போதும் 90ஆம் நாள் மண் அணைக்கும்போதும் பொட்டாஷ் இட்டேன், 27 வந்தது. நடவுப் பருவத்தில் கூட்டுறவுச் சங்கங்களில் பொட்டாஷ் தட்டுப்பாடின்றிக் கிடைக்கத் தோட்டக்கலைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– மரவள்ளி விவசாயி, ஆத்தூர், சேலம் மாவட்டம்