பகடையை ஒழித்ததா கட்டான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிசு பெற்ற பழைய பலகை விளையாட்டுகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் தரப்படும் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை அளவுகோலாக எடுத்துக்கொண்டதும் சரியான முடிவுதான். விளையாட்டு விமர்சகர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் விருது அது. பணமுடிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தச் சிவப்புக் காய் முத்திரை பெட்டி மேல் இருந்தால் ஜெர்மானியக் குடும்பங்கள் நம்பி வாங்குவார்கள்.

கட்டுரையின் மைய வாதத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1995-க்கு முன்பு பகடை உருட்டும் காலம், அந்த ஆண்டு இதே விருதை வென்ற ‘கட்டான்’ வந்த பிறகு மூளையைப் பயன்படுத்தும் காலம் என்று கட்டுரையாளர் ஒரே கோட்டில் பிரித்துவிடுகிறார். விருதுப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறாக இருக்கிறது.

முதல் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் வென்றது ‘முயலும் ஆமையும்’. ஆக்கியவர் டேவிட் பார்லெட், ஆங்கிலேயர், சீட்டாட்ட வரலாற்றில் பெரிய அறிஞர். இது ஓட்டப்பந்தய விளையாட்டு. ஆனால் காயை நகர்த்தப் பகடையே கிடையாது. கையில் இருக்கும் கேரட்டைச் செலவழித்துத்தான் ஓட வேண்டும். ஒரு கட்டம் நகர ஒரு கேரட், இரண்டு கட்டத்துக்கு மூன்று, மூன்றுக்கு ஆறு, நான்குக்குப் பத்து. ஒரே பாய்ச்சலில் பத்துக் கட்டம் தாண்ட நினைத்தால் 55 கேரட் போய்விடும். வேகம் கூடக் கூடச் செலவு எகிறும். கேரட் வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் ஆமைக் கட்டத்துக்குத் திரும்பி வரலாம். பின்வாங்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துக் கேரட் கிடைக்கும். ஜெர்மன் பதிப்பில் முயல் கட்டத்தில் நிற்கும்போது எடுக்கும் சீட்டில் மட்டும்தான் அதிர்ஷ்டத்துக்கு வேலை. மற்றபடி எல்லாம் நம் கணக்கு.

இதில் உச்சம் கடைசிக் கட்டத்தில் வரும். முதலில் வீடு சேருபவர் கையில் பத்துக்கு மேல் கேரட் மிச்சம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு முறை அண்ணன் மகள் எல்லோரையும் முந்திக்கொண்டு, வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள கேரட் கட்டத்தில் போய் நின்றுவிட்டாள். கையில் நாற்பதுக்கு மேல் கேரட். அத்தனையையும் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்று பத்துப் பத்தாகக் கழிக்கிறாள். பின்னால் இருந்த அவள் தம்பி விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்து, இருந்த கேரட்டை எல்லாம் ஒரே தாவலில் கொட்டி அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டான். சேமித்து வைத்தவள் தோற்றாள், கணக்காகச் செலவழித்தவன் ஜெயித்தான். இதைப் ‘பகடை உருட்டும் காலம்’ என்று எப்படிச் சொல்வது?

அடுத்து 1981-ன் ‘ஃபோகஸ்’. அமெரிக்கரான சிட் சாக்சன் ஆக்கியது. அதில் சீட்டும் இல்லை, பகடையும் இல்லை. காய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம். அடுக்கில் எத்தனை காய் இருக்கிறதோ அத்தனை கட்டம் நகரலாம். ஐந்துக்கு மேல் போனால் அடிக்காய் வெளியேறும். சதுரங்கம் அளவுக்கு வறண்ட, சுத்தமான மூளை வேலை. 1983-ன் ‘ஸ்காட்லாந்து யார்டு’ விளையாட்டிலும் பகடை கிடையாது. லண்டன் வரைபடத்தில் மிஸ்டர் எக்ஸ் மறைந்து திரிகிறார். துப்பறிவாளர்கள் டாக்ஸி, பேருந்து, சுரங்க ரயில் டிக்கெட்டுகளை எண்ணி எண்ணிச் செலவழித்துத் துரத்துகிறார்கள். அவர்கள் கொடுத்த டிக்கெட் நேராக மிஸ்டர் எக்ஸ் கைக்குப் போகிறது என்பது எவ்வளவு அழகான விதி! துரத்தத் துரத்த, துரத்தப்படுபவருக்கே வண்டிச் செலவுக்குக் கொடுக்கிறோம். மூன்றாம் நகர்வில் அவர் தலையைக் காட்டுவார், பிறகு எட்டு, பதின்மூன்று, பதினெட்டு. இடையில் அவர் எந்த வண்டியில் போனார் என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் ஐந்து விருதுகளில் மூன்றின் கதை இது. மிச்சமுள்ள இரண்டில் 1980-ன் ‘ரம்மிகப்’ ஏறக்குறைய நம் ரம்மிதான், சீட்டுக்குப் பதில் வில்லைகள். அதிலும் உருட்ட எதுவும் இல்லை. 1982-ன் ‘சாகாலாண்ட்’ ஒன்றில்தான் பகடை உண்டு. அங்கும் ஜெயிக்க வைப்பது எந்த மரத்தடியில் எந்தப் படம் இருந்தது என்ற ஞாபகம்.

சரி, கட்டானுக்கு வருவோம். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமே இல்லை. அதை ஆக்கிய கிளாஸ் டாய்பர் செய்ததை நான் மிகப் பெரிய சாதனையாக நினைக்கிறேன். பல் மருத்துவத் துறையில் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே விளையாட்டுகளை உருவாக்கியவர், 2023-ல் காலமானார். 1995-க்கு முன்பே 1988, 1990, 1991 என்று மூன்று முறை இதே விருதை வாங்கியவர் அவர் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கட்டான் திடீரென்று வானத்திலிருந்து குதித்தது போன்ற தோற்றம் வந்திருக்காது.

கட்டானில் பகடை இருக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் இரண்டு. டாய்பர் பகடையைத் துரத்தவில்லை, அதன் வேலையை மாற்றினார். டிரேட் (மோனோபொலி போன்ற வியாபார விளையாட்டு) விளையாடி வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: நான் உருட்டினால் என் காய் நகரும், அது அடுத்தவர் இடத்தில் நின்றால் அவருக்கு வாடகை, மற்றபடி அவருக்கு அதில் ஒன்றும் இல்லை; தன் முறை வரும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டானில் யார் உருட்டினாலும் எல்லோருக்கும் விளைச்சல். அறுகோண நிலங்கள் மேல் எண் வில்லைகள் இருக்கின்றன. எட்டு விழுந்தால் எட்டு எண் போட்ட நிலத்தின் ஓரத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் செங்கல்லோ, மரமோ, கம்பளியோ, தானியமோ, தாதுவோ கிடைக்கும். எட்டு விழ 36-ல் ஐந்து வாய்ப்பு, பன்னிரண்டு விழ ஒன்றுதான். அதனால்தான் அந்த வில்லைகளில் வாய்ப்புக்கு ஏற்றபடி புள்ளி வைத்து, ஆறையும் எட்டையும் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகூட அந்தப் புள்ளிகளைப் பார்த்து வீட்டுக்கு இடம் பிடிக்கும். அப்புறம் பேரம் ஆரம்பிக்கும். அடுத்தவர் முறையிலும் நம்மிடம் கம்பளி கேட்பார்கள், நாம் செங்கல் கேட்போம். யாரும் சும்மா இருக்க முடியாது.

‘ஸ்காட்லாந்து யார்டு’ விளையாட்டிலும் எல்லோரும் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்போம். ஆனால் துப்பறிவாளர் கூட்டத்தில் குரல் பெரிதாக உள்ள ஒருவர் எல்லோருடைய காயையும் தானே நகர்த்தத் தொடங்கிவிடுவார். கட்டானில் என் கம்பளியை விற்பதா வேண்டாமா என்று இன்னொருவர் முடிவு செய்ய முடியாது. இந்த ஓர் இடத்தில் 1995 உண்மையிலேயே 1983-ஐ விட முன்னேறியது.

அதே சமயம், பின்தங்கியவரை நடத்தும் விதத்தில் 1979-ன் விளையாட்டு இன்னும் கட்டானுக்கு மேலேதான் நிற்கிறது. கட்டானில் முதல் இரண்டு வீடுகளை மோசமான இடத்தில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் கையில் சீட்டில்லாமல் அவதிப்பட வேண்டும். நிலத்தின் விளைச்சலைத் தடுக்கும் கொள்ளைக்காரன் காயும் வந்து உட்கார்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பார்லெட்டின் விளையாட்டில் பின்னால் இருப்பதே சில நேரம் லாபம்.

அடுத்த ஆண்டு, 1996-ல் வென்ற ‘எல் கிராண்டே’ பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான் இருந்தது. வொல்ஃப்காங் கிராமரும் ரிச்சர்ட் உல்ரிச்சும் செய்தது. ஸ்பெயினின் பகுதிகளில் யாருக்கு ஆள்பலம் அதிகம் என்பதுதான் போட்டி. எல்லோரும் தங்கள் வீரர்களைக் கோபுரத்துக்குள் போட்டு மறைத்துவிட்டு, அவர்கள் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை ஒரு சுழல் வட்டில் ரகசியமாகத் திருப்பி வைத்து, ஒரே நேரத்தில் காட்டுவோம். அந்த நொடிக்காகவே அந்த விளையாட்டை எடுக்கலாம். என் பார்வையில் தொண்ணூறுகளின் தலைசிறந்த விருதாளர் இதுதான், கட்டான் இரண்டாவது.

ஆலன் மூனின் 1998 ‘எல்ஃபன்லாண்டை’ 2004 ‘டிக்கெட் டு ரைடு’ விளையாட்டோடு ஒப்பிட்டது கட்டுரையின் நல்ல பகுதி. அதில் எனக்கு மறுப்பில்லை.

இரண்டு கோரிக்கைகள். எண்பதுகளின் விருதாளர்களைப் ‘பகடை விளையாட்டுகள்’ என்று மொத்தமாகக் குறிப்பிட்ட அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரைக்கு இரண்டாம் பகுதி உண்டென்றால், 1984-ல் வென்ற டேவிட் வாட்ஸின் ரயில்பாதை விளையாட்டான ‘டாம்ஃப்ராஸ்’ பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தின் மேலேயே பேனாவால் தண்டவாளம் போட்டு ஆடும் அந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் நான் இதுவரை எதுவும் படித்ததில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி.