டென்மார்க் கோடைப் பயிற்சிக்கு என்னை அனுப்பிவைத்த அனைவருக்கும் நன்றி மடல்

பணகுடி ஊர்ப் பெரியோர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், மகளிர் குழுத் தாய்மார்களுக்கும், அப்பாவோடு பணிபுரியும் அண்ணன்மார்களுக்கும் என் பணிவான வணக்கம்.

டென்மார்க்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், நீடித்த ஆற்றல் பற்றிப் பொறியியல் மாணவர்களுக்கு நடத்திய கோடைக்காலப் பயிற்சியை நிறைவுசெய்து நலமாக ஊர் திரும்பியிருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்வதே முறை, வந்துகொண்டும் இருக்கிறேன். எனினும் உதவியவர்களில் சிலர் தங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்கள் பணத்தில் போய் என்ன படித்துவிட்டு வந்தேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகையால் நன்றியோடு அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்படி ஒரு பயிற்சி இருப்பதை எனக்குச் சொல்லி, விண்ணப்பத்தைத் திருத்தித் தந்து, பரிந்துரைக் கடிதமும் எழுதியவர் எங்கள் இயந்திரவியல் துறைப் பேராசிரியர். இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "டென்மார்க்குக்குப் போவதற்கு முன்னால் கயத்தாறைப் பார்த்துவிட்டு வாம்மா" என்றார். கயத்தாற்றில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையம் டென்மார்க் அரசின் தொழில்நுட்ப உதவியோடும் நிதியுதவியோடும் அமைந்தது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்டுக்கும் நம் சீமைக்கும் இடையே முன்பே இருந்த உறவை அறிந்து சென்றதால், வகுப்பில் நான் கேட்ட கேள்விகளுக்கு ஓர் அடித்தளம் இருந்தது. ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. விமானச் செலவும் தங்கும் செலவும் எங்கள் பொறுப்பு. பட்டப்படிப்பு அல்லாத பயிற்சிக்குக் கல்விக் கடன் தர இயலாது என்று ஒரு வங்கி கூறிவிட்டது. அந்த வாரமே அம்மாவின் சுய உதவிக் குழு கூடி, சேமிப்பிலிருந்து உள்கடன் தருவதென்று தீர்மானம் எழுதியது. பீடி சுற்றி வாரக் கூலி வாங்கும் தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு எடுக்க வேண்டிய முறையை எனக்காகத் தள்ளிவைத்தார்கள் என்பதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். கையெழுத்துக்கூட வாங்காமல் பணம் தந்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும், விசா நேர்காணலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் என்னோடு சென்னை வந்து மையத்தின் வாசலிலேயே காத்திருந்த சித்தப்பாவுக்கும், பயணப் பையும் கம்பளிச் சட்டையும் தந்த மைனிக்கும் என் நன்றி. குழுக் கடனை மாதத் தவணையாகத் திருப்பும் பொறுப்பை நானே ஏற்றிருக்கிறேன். ஒன்றியத்துப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வரும் ஊதியம் அதற்கே போகும்.

இனி, கண்டு கற்றவற்றைச் சொல்கிறேன்.

எங்களைச் சாம்சோ என்ற தீவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஏறத்தாழ நான்காயிரம் பேர் வாழும் அந்தத் தீவு, தன் ஆற்றல் தேவையைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்தே பெற்றுக்கொள்ள 1997ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு நடத்திய போட்டியில் தேர்வானது. நிலத்தில் நிற்கும் 11 காற்றாலைகளில் ஒன்பது உழவர்களுக்கும் இரண்டு கூட்டுறவுக்கும் சொந்தம். கடலில் நிற்கும் பத்தில் ஐந்து உள்ளாட்சியின் உடைமை. அறுவடைக்குப் பின் மிஞ்சும் வைக்கோலை எரித்து நீரைச் சூடாக்கி, அதைக் குழாய்வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000ஆம் ஆண்டு எழுப்பிய 20 காற்றாலைகளிலும் பாதி, 8,500க்கு மேற்பட்ட பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுக்கு உரியவை. நம் பக்கமோ, ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆனி, ஆடிக் காற்றை நம்பி நிலம் வாங்கியவர்களில் பலர் வெளியூர் ஆலைக்காரர்கள். நிலத்தை விற்றவருக்கு அன்று வாங்கிய விலையோடு தொடர்பு முடிந்துபோயிற்று. காற்றாலையால் நம் ஊருக்கு வேலை வந்தது உண்மை. என் அப்பாவின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதில் ஒரு பங்கு நமக்கும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்தத் தீவில் இருந்த நாள் முழுவதும் என்னை விடவில்லை.

ஆய்வகத்தில் ஒரு நாள், ஓய்வுபெற்ற காற்றாலையின் பிளேடை, அதாவது காற்றில் சுழலும் இறக்கையை, குறுக்காக அறுத்தெடுத்த துண்டு ஒன்றை எங்கள் கைகளில் கொடுத்தார்கள். மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன்கீழ் எப்பாக்சிப் பிசினில் தோய்ந்து அடுக்கடுக்காக இறுகிய கண்ணாடியிழை, நடுவே நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் பால்சா மரம், மறுபடியும் கண்ணாடியிழை. இவ்வளவு உறுதியானதாக அதை ஆக்கும் பிசினே அதன் பிற்காலச் சிக்கலுக்கும் காரணம். எப்பாக்சி ஒருமுறை இறுகிவிட்டால் திரும்ப உருகாது. கோபுரத்தின் எஃகை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். பிளேடை அப்படிச் செய்ய இயலாததால் அதை மண்ணில் புதைத்த நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் அதை நறுக்கி சிமென்ட் சூளையில் இடுகிறார்கள்; பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியிழையில் உள்ள சிலிக்கா சிமென்டோடு சேர்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டவுடன் எனக்குத் தாழையூத்து நினைவுக்கு வந்தது. 1949 முதல் சிமென்ட் செய்துவரும் ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. முப்பந்தல், இராதாபுரம், கயத்தாறு வட்டாரங்களில் தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு தனிக் கொள்கையே வெளியிட்டுள்ளது. கழற்றப்படும் பிளேடுகள் ஓடைக்கரையிலும் தேரிக்காட்டிலும் கிடக்கப் போகின்றனவா, அல்லது சூளைக்குப் போகப் போகின்றனவா என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். என் இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். அறுப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது; அறுக்கும்போது பறக்கும் கண்ணாடியிழைத் தூள் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகாமல் காக்கும் ஏற்பாட்டின் செலவும் அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அந்த உறுதியை எனக்குத் தந்தவர்கள் அப்பாவோடு பணிபுரியும் அண்ணன்மார். நான் புறப்படும் முன், பிளேடில் விரிசல் எங்கே முதலில் விழும், மின்னல் தாக்கிய இடம் எப்படி இருக்கும், எந்தக் காற்றில் கோபுரம் ஏறக் கூடாது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பாடப்புத்தகத்தில் படங்களாக வந்தவற்றில் பெரும்பகுதி இவர்கள் வாயிலாக நான் முன்பே அறிந்தவை. அவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துத் தந்த தொகைக்கும் இந்த அறிவுக்கும் சேர்த்தே நன்றி கூறுகிறேன்.

பயிற்சியில் நான் எழுதிய குறிப்புகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். பணி முடிந்ததும் ஒரு படியைப் பணகுடி நூலகத்திலும், ஒரு படியைக் கல்லூரித் துறை நூலகத்திலும், ஒரு படியை மகளிர் குழுவிடமும் ஒப்படைப்பேன். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பும் நம் பகுதி மாணவ மாணவியர், குறிப்பாகக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று தெரியாமல் தயங்குபவர்கள், ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டுக்கு வரலாம். என்னிடம் உள்ள படிவங்களையும் மாதிரிக் கடிதங்களையும் எடுத்துச் செல்லலாம். நிரப்புவதற்கும் உடனிருந்து உதவுவேன்.

நன்றியுடன்,
இயந்திரவியல் பொறியியல் இறுதியாண்டு மாணவி,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.